கம்பம் பள்ளத்தாக்கின் கதை – 17: குறி பார்க்க அனுமதி

சென்ற அத்தியாயத்தில் கைரேகைச் சட்டத்தின் கதையைப் பார்த்தோம். இந்த அத்தியாயம் ஒரு விளையாட்டைப் பற்றியது. ஆனாலும் சட்டம் நம்மை விட்டுவிடப் போவதில்லை; இந்த விளையாட்டின் வரலாறே சட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கு குறி தவறாத கைகளுக்குப் பேர்போனது. சோளக்காட்டுப் பரணில் நின்று கவண் சுழற்றியவர்கள், உண்டிவில்லோடு திரிந்த சிறுவர்கள், வளரி வீசிய குடிகள், மலையடிவாரத்து வேட்டைக்காரர்கள், ஊர்க்காவலைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்று பட்டியல் நீளும். இப்படிப்பட்ட மண்ணில் துப்பாக்கி சுடுதல் ஒரு விளையாட்டாக ஏன் வேர்விடவில்லை? பதிலைக் கையிலோ கண்ணிலோ தேடுவது வீண் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். குறி பார்ப்பது விளையாட்டாக வளர்ந்த ஊர்களிலெல்லாம் அதற்கு முன்பே ஓர் அரசு தன் குடிகளைப் பார்த்து, ‘நீ துப்பாக்கி ஏந்தலாம்’ என்று சொல்லியிருந்தது. இங்கே அந்தச் சொல் வரவேயில்லை.

முதலில் விளையாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். ஒலிம்பிக்கில் இருக்கும் துப்பாக்கி சுடுதல் மூன்று வகை: ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன். முதல் இரண்டில் இலக்கு அசையாமல் நிற்கும். மூன்றாவதில் 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள களிமண் தட்டு வானில் பறக்கும். அதை உடைக்க வேண்டும். இன்று உலகெங்கும் அதிகம் பேர் ஆடுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் போட்டிகளைத்தான். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா மாதிரியான இடங்களில் பலூன் சுடும் கடை போட்டிருப்பார்களே, அங்குள்ள துப்பாக்கியின் குழலும் பெரும்பாலும் இதே 4.5 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் இலக்கில் இருக்கிறது. ஏர் ரைஃபிள் இலக்கின் நடுவில் 10 மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். ஒரு கசகசா விதையில் பாதி. அதை 10 மீட்டர் தள்ளி நின்றுகொண்டு 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். ஒவ்வொரு ரவையும் தசம அளவில் மதிப்பிடப்படும்; கச்சிதமாக நடுவில் விழுந்தால் 10.9. அறுபதுக்கும் சேர்த்து எட்டக்கூடிய உச்சம் 654. ஓடும் முயலை வீழ்த்துகிறவனின் வேகத்துக்கு இங்கே வேலையில்லை. மூச்சைப் பாதியில் நிறுத்தி, இதயத் துடிப்பைக் கணக்கில் வைத்து, முந்தைய முறை செய்ததை அட்சரம் பிசகாமல் திரும்பச் செய்யும் பொறுமைதான் மூலதனம்.

இந்த விளையாட்டு எங்கே பிறந்தது என்று தேடினால் போர்க்களத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வோம்: குடிமக்கள் படை. சுவிட்சர்லாந்தில் 1824ல் ஆராவ் நகரில் கூட்டாட்சித் துப்பாக்கித் திருவிழா நடந்தது; தேசிய சங்கமும் அப்போதே உருவானது. அங்கே ஒவ்வொரு ஆணும் தேவைப்பட்டால் படைவீரன். எனவே குறி பார்ப்பது குடிமகனின் கடமை, பிறகு பெருமை, பிறகு விளையாட்டு. பிரிட்டனிலும் இதேதான் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் படையெடுத்து வருவார்கள் என்ற பயத்தில் 1859ல் அங்கே தொண்டர் படை எழுந்தது. அதே ஆண்டில் தேசிய ரைஃபிள் சங்கம் தொடங்கியது. 1860 ஜூலையில் விம்பிள்டனில் நடந்த முதல் போட்டியைத் தொடங்கிவைத்தவர் விக்டோரியா ராணியே. தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைஃபிளின் விசையை ஒரு கயிற்றால் இழுத்து, 400 கஜத் தொலைவிலிருந்த இலக்கின் நடுவை அவர் தொட்டார். இந்தச் சங்கங்களும் திருவிழாக்களும்தான் போட்டிக்கான விதிகளையும் தூரங்களையும் மதிப்பெண் முறையையும் உண்டாக்கின. 1896ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே துப்பாக்கி சுடுதல் இடம்பெற்றது. அந்த விழாவை நடத்திக் காட்டிய கூபர்தானே பிஸ்டல் பழகியவர். 1897ல் லியோனில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1907ல் சூரிச்சில் சர்வதேசச் சங்கம் அமைந்தது.

இப்போது அந்த ஆண்டுகளை இங்கே வைத்துப் பாருங்கள். மருது சகோதரர்களின் போர் ஒடுக்கப்பட்ட கையோடு, 1801 டிசம்பர் 1ஆம் தேதி, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளும் அப்போதே தகர்ந்தன. சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் வீசக் கற்றதாகத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், பிறகு அதே மருதுவுக்கு எதிராகப் படை நடத்திய கதை எல்லோரும் அறிந்ததுதான். அதன் பின் 1857 கிளர்ச்சி. விம்பிள்டனில் ராணி கயிற்றை இழுத்த அதே 1860ல் இந்தியாவில் ஆயுதக் குறைப்புச் சட்டம் வந்தது. ஒரே முடியாட்சி, ஒரே ஆண்டு: அங்கே குடிமகனைத் துப்பாக்கி எடுக்க அழைத்தார்கள், இங்கே குடியிடமிருந்து பிடுங்கினார்கள். 1878ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இதை முழுமையாக்கியது. உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைக்கக் கூடாது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. மாகாணத் தலைநகரங்களில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்த தொண்டர் படைகள் ரைஃபிள் பழகின. சென்னைத் தொண்டர் படை 1857லேயே தோன்றியது. 1887ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்த ஆயுதச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டதன் காரணம், பிரதிநிதிகளுக்கு வேட்டையில் இருந்த மோகம் அல்ல. நம்பத்தகாதவர்கள் என்று ஒரு தேசத்தின் நெற்றியிலேயே எழுதிவைத்த சட்டம் அது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இந்த அவநம்பிக்கை இரட்டிப்பானது. அந்தக் கைரேகைச் சட்டம், அதாவது 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறமலைக் கள்ளர்கள்மீது பாய்ந்த விதத்தைச் சென்ற முறை விரிவாகவே பார்த்தோம். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். இந்த வட்டாரத்து ஏழை ஒருவன் துப்பாக்கியை மிக அருகில் பார்த்த தருணம் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது: அது அடுத்தவன் கையில் இருந்தது, குழல் தன்னை நோக்கி நீண்டிருந்தது. இரவானால் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டியவன், பக்கத்து ஊருக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டியவன், துப்பாக்கி உரிமம் கேட்டு மனுப் போடுவான் என்று நினைத்துப் பார்க்கவும் முடியாது. போடி, கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் போன்ற ஜமீன்களிலும் மலைத் தோட்டத்துத் துரைமார் பங்களாக்களிலும் துப்பாக்கி இருந்தது. அவர்கள் சுட்டது வேட்டைக்கு. விருந்தினரோடு போய், எத்தனை கொம்பு, எத்தனை தோல் என்று எண்ணிக்கொண்டு திரும்பும் பொழுதுபோக்குக்கு. அவர்களுக்கு அனுமதி இருந்தது. ஆனால் ஊரார் சேர்ந்து போட்டி போடும் மைதானத்தை உண்டாக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

இங்கே ஒருவர் மறுத்துச் சொல்லலாம்: ‘விளையாட்டுக்குத் துப்பாக்கிதான் வேண்டுமா? கவணும் வளரியும் இருந்தனவே. அந்த மரபே போட்டியாக வளர்ந்திருக்கலாமே?’ நியாயமான கேள்விதான். திறமை இருந்ததில் சந்தேகமே இல்லை. ஆனால் திறமை விளையாட்டாக மாற மூன்று தேவை: யாரும் பயமில்லாமல் வெளிப்படையாக ஏந்தக்கூடிய கருவி, எல்லோருக்கும் பொதுவான தூரமும் இலக்கும், அடுத்த ஊர்க்காரனும் ஒப்புக்கொள்ளும் பதிவேடு. வேட்டைக்காரனுக்குச் சாட்சி விழுந்த விலங்கு. அது குழம்பில் கொதித்ததோடு சாட்சியும் போய்விடும். போட்டிக்காரனுக்குச் சாட்சி துளை விழுந்த காகிதம். அதை லியோனுக்கும் அனுப்பலாம், சூரிச்சிலும் சரிபார்க்கலாம். இந்த மூன்றும் சங்கங்களின் வேலை. வளரி வைத்திருப்பதே குற்றத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்ட காலத்தில் வளரிச் சங்கம் எப்படி அமையும்? மரபு இருந்தது, அது வெளியில் வந்து நிற்க ஒரு முற்றம் இல்லை. ஐரோப்பாவிலும் வேட்டை மரபு அப்படியே விளையாட்டாகிவிடவில்லை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கையொட்டி உயிருள்ள புறாக்களைச் சுட்டார்கள். அது நிலைக்கவில்லை, களிமண் தட்டே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. காட்டிலிருந்து எவ்வளவு விலகியதோ அவ்வளவுக்குத்தான் இது விளையாட்டாக உருப்பெற்றது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் வலுவானது. ‘சட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? ஏழ்மைதான் காரணம்’ என்பது அது. ஏழ்மை பெரிய தடை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது மட்டுமே காரணமென்றால் 1895க்குப் பிறகு கதை மாறியிருக்க வேண்டும். பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணையின் தண்ணீர் கூடலூரிலிருந்து கீழே இறங்கியபின் இந்தப் பள்ளத்தாக்கில் கையில் காசு புழங்கியது. இன்றைக்கும் அதன் தண்ணீரில் இங்கே 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. மேலே ஏலக்காயும் தேயிலையும், கீழே நெல்லும் திராட்சையும் வாழையும். வசதி படைத்த குடும்பங்கள் மாடி வீடு கட்டின, பிள்ளைகளை மதுரைக்கும் சென்னைக்கும் படிக்க அனுப்பின, கல்லூரி கட்ட நிலம் கொடுத்தன. கபடிக்கும் ஜல்லிக்கட்டுக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். துப்பாக்கி சுடுதல் மட்டும் ஏன் அந்தப் பட்டியலில் வரவில்லை? உரிமம், தாசில்தார், போலீஸ் ஸ்டேஷன் என்ற வரிசையைப் பார்த்தே பெரியவர்கள் ஒதுங்கினார்கள். தலைமுறைகளாகப் படிந்த அச்சம், காசு வந்த மறுநாளே கழுவிக்கொண்டு போய்விடாது.

விடுதலைக்குப் பிறகு அனுமதியின் கதவு திறந்தது. ஆனால் முதலில் திறந்தது அரண்மனைக் கதவுதான். 1951ல் இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் உருவானது. அதைத் தொடங்க முன்நின்றவர் மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர். தேசியப் போட்டிக்கு முந்தைய படியாக இன்றும் நடக்கும் போட்டி அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியர்கள் சுட்டார்கள். அந்தத் தலைமுறையின் நட்சத்திரம் பிகானீர் மகாராஜா கர்ணி சிங்: 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக், 1962 கெய்ரோ உலகப் போட்டியில், பறக்கும் தட்டைச் சுடும் ஷாட்கன் போட்டிகளில் ஒன்றான ட்ராப் பிரிவில் வெள்ளி. ஷாட்கனும் தோட்டாவும் உரிமமும் பரந்த நிலமும் ஏற்கெனவே கைவசம் இருந்தவர்களே அந்தக் காலத்தில் இறங்க முடிந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இனப் பாகுபாடு இல்லாமல் எல்லா இந்தியருக்கும் பொதுவாக வந்தது. ஆனாலும் உரிமம் என்ற வாசற்படி அப்படியே இருந்தது. நம் பள்ளத்தாக்கு மாதிரியான இடங்களில் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை குற்றவுணர்வில்லாமல் ரைஃபிளைத் தொட ஒரே வழியாக இருந்தது 1948ல் தொடங்கிய தேசிய மாணவர் படைதான். என்.சி.சி. முகாமில் தரையில் படுத்து .22 ரைஃபிளில் எண்ணிச் சில தோட்டா சுட்ட அனுபவம் நம் ஊர்களில் பலருக்கு உண்டு. அங்கேயும் அரசு ‘பிடி’ என்று சொன்ன பிறகுதான் கை நீண்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அனுமதிதான் அடிப்படை என்ற வாதம் காலனி நாடுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று நினைக்க வேண்டியதில்லை. பெண்கள் விஷயத்தைப் பாருங்கள். 1968 முதல் ஒலிம்பிக் துப்பாக்கிப் போட்டிகளில் ஆணும் பெண்ணும் கலந்து சுட்டார்கள். 1976 மான்ட்ரியலில் அமெரிக்காவின் மார்கரெட் முர்டோக், தன் நாட்டு ஆண் வீரரோடு சமமாகச் சுட்டு வெள்ளி வென்றார். 1992 பார்சிலோனாவில் சீனாவின் ஜாங் ஷான், இன்னொரு ஷாட்கன் போட்டியான ஸ்கீட் பிரிவில் ஆண்கள் எல்லோரையும் தாண்டித் தங்கமே வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில், 1996 அட்லாண்டாவில், ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. தங்கம் வென்றவருக்குத் தன் பட்டத்தைக் காக்கக்கூட வழியில்லை. பெண்களுக்கான ஸ்கீட் 2000ல்தான் வந்தது. ஜாங் ஷானின் கண்ணுக்கு நான்கு ஆண்டுகளில் ஒன்றும் ஆகிவிடவில்லை. யார் களத்தில் நிற்கலாம் என்பதை முடிவுசெய்த மேசைதான் மாறியது.

நிலைமையைப் புரட்டிப் போட்டது துப்பாக்கியின் உள்ளே நடந்த ஒரு மாற்றம். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சேர்ந்தது. 1988 சியோலில் ஏர் பிஸ்டல். வெடிமருந்துக்குப் பதில் அழுத்திய காற்று. பரந்த வெளி வேண்டாம். ஒரு நீளமான அறை போதும். திறன் குறைந்த .177 ஏர் ரைஃபிளுக்கு இந்தியச் சட்டப்படி துப்பாக்கி உரிமம் தேவையில்லை. இதன் விளைவை ஒலிம்பிக் பதக்கப் பட்டியலே சொல்லும். 2024 பாரிஸ் வரை துப்பாக்கி சுடுதலில் இந்தியா வென்ற பதக்கம் ஏழு. 2008 பெய்ஜிங்கில் கடைசி ரவையில் 10.8 சுட்டு அபினவ் பிந்த்ரா வென்ற தங்கம், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங்கின் வெண்கலம், பாரிஸில் மனு பாக்கர் தனியாகவும் சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்தும் வென்ற இரு வெண்கலம் ஆகிய நான்கும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் வந்தவை. மீதி மூன்றில் 2004ல் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் ரத்தோரும் 2012ல் வெள்ளி வென்ற விஜய் குமாரும் ராணுவத்தினர். துப்பாக்கி அவர்களுக்குப் பணியோடு வந்தது. ஏழாமவர் ஸ்வப்னில் குசாலே ரயில்வே ஊழியர், மகாராஷ்டிர அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர். அனுமதி தேவைப்படாத துப்பாக்கி, அல்லது அனுமதியைத் தானே கொண்டுவரும் அரசு: இந்த இரு வாசல் வழியாகவே ஏழு பேரும் வந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்த இரு காலங்களையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்கலாம். பாரிஸுக்குப் போன பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். அவருடைய பிரிவு ட்ராப், கர்ணி சிங்கின் பிரிவு. 2023ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஆண்கள் ட்ராப் அணியில் தங்கம் வென்றவர், உழைப்பால் உயர்ந்தவர் என்பதில் மறுப்பில்லை. அதே பாரிஸில் ஏர் ரைஃபிள் சுட்ட இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். 2018ல் சிட்னியில் ஜூனியர் உலகக் கோப்பைத் தங்கம். 2019ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம். உலகத் தரவரிசையில் முதலிடம். பாரிஸில் 630.7 எடுத்தும் எட்டுப் பேருக்கான இறுதிச் சுற்றை எட்ட முடியாமல் பத்தாவதாக வந்தார். அரை மில்லிமீட்டர் புள்ளி எவ்வளவு கொடூரமானது என்பதற்கு இதுவே அளவு. அரண்மனைப் பின்னணி எதுவும் இல்லாத வீட்டுப் பெண் உலக முதலிடம் வரை போக முடிந்தது காற்றுத் துப்பாக்கியின் காலத்தில்தான்.

‘உரிமம் போனது, விலை வந்ததே’ என்பார்கள். உண்மை. போட்டித் தரமுள்ள ஏர் ரைஃபிள் லட்சங்களில் விற்கிறது. தடித்த ஜாக்கெட்டும் காலணியும் தனி. பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுதளம் இருந்தது. ஆனால் விலை என்ற தடைக்கும் அனுமதி என்ற தடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு: விலையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு பள்ளி வாங்கிய ரைஃபிளில் இருபது பிள்ளைகள் முறை வைத்துப் பழகலாம். ஒரு துரையின் விலக்குரிமையில் இருபது குடியானவர்கள் பங்கு போட முடியாது. உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்ற கரும்புக் கிராமம் இப்படித்தான் எழுந்தது. 1990களின் இறுதியில் அங்கே அமைந்த எளிய சுடுதளத்துக்குப் பேத்தியோடு போன சந்திரோ தோமர் அறுபதைத் தாண்டிய வயதில் தானும் துப்பாக்கி எடுத்துப் போட்டிகளில் பரிசு வாங்கினார். ‘அங்கே துப்பாக்கிப் பண்பாடு ஏற்கெனவே இருந்தது’ என்று சொன்னால், அந்தப் பண்பாடு அத்தனை தலைமுறையாக ஏன் ஒரு பதக்கமும் தரவில்லை, சுடுதளம் வந்த பின்பு ஏன் தந்தது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பாரிஸில் வென்ற குசாலேயும் கிராமத்திலிருந்து வந்தவர்தான்: அவர் ஊரான கம்பல்வாடி, கோலாப்பூர் மாவட்டத்தில், நம்மைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய சிற்றூர்.

நம் பள்ளத்தாக்கை ஒட்டிய மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தில் அடக்கம். காட்டை ஒட்டி நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் வரும் மாவட்டத்தில் இந்த விளையாட்டை வளர்ப்பது விபரீதம் ஆகாதா என்ற கவலையும் எழும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் காட்டுப்பன்றியை விழத்தட்டும் கருவியல்ல. காகிதத்தில் துளை போடும் கருவி. அதன் முதல் பாடமே, குழல் எப்போதும் இலக்கை மட்டுமே நோக்க வேண்டும், கட்டளை இல்லாமல் விசையைத் தொடக் கூடாது என்பதுதான். கள்ளத்தனமாகத் துப்பாக்கி தூக்குகிறவனையும் பயிற்றுநர் முன்னால் 60 ரவையை எண்ணிச் சுடுகிற மாணவியையும் ஒரே தட்டில் வைப்பது, ஒரு குடியில் பிறந்தவர்கள் எல்லோரையும் ஒரே ரேகைப் பதிவேட்டில் சேர்த்த 1911ஆம் ஆண்டின் பார்வைக்கு நம்மை இட்டுச் செல்லும். இந்தப் பள்ளத்தாக்கில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அந்தச் சட்டத்தின் காலத்தில், மக்களைத் ‘திருத்த’ என்று தொடங்கியவை அவை. அவற்றில் ஒன்றில் அரசே ஒரு 10 மீட்டர் சுடுதளம் அமைத்தால், நூறாண்டுக்கு முன் நம்ப மறுத்த பிள்ளைகளின் கொள்ளுப் பேரர்களை இப்போது நம்புகிறோம் என்று சொன்னதாகும். பதக்கம் வருமா என்பது பிறகு பார்க்க வேண்டியது. அனுமதி முதலில் வர வேண்டியது.

அந்தப் பள்ளிகள் பிறந்த கதையையும், அவற்றின் விடுதிகளில் படித்து வெளியே வந்த முதல் தலைமுறையையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.